வழக்காடுதல் பொறுமைக்கு மாறானதா?

அறங்களுள் பொறுமையை முதன்மையாக வைத்துப் போற்றுவது நம் முன்னோர் மரபு. பிறர் செய்த தீங்கை மறத்தலும், கிடைத்ததைக் கொண்டு மனநிறைவு பெறுதலும், நீதிமன்றப் படி ஏறாமல் வாழ்நாளைக் கழித்தலும் நற்குடிப் பிறந்தார்க்கு அழகு எனக் கருதும் குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகைய குடும்பங்களில் வளர்ந்த நமக்கு 'வழக்கு' என்ற சொல்லே செவிக்கு இனிமை தருவதில்லை. வழக்கு என்றவுடன் பகை, செலவு, மனக்கசப்பு என்றே நம் நினைவு ஓடுகிறது.

அண்மை ஆண்டுகளில் மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கு வேண்டிய கருவிகளையும், அக்கருவிகளைப் பயன்படுத்துவதற்கான வழிகளையும் சட்டத்தின் வாயிலாகக் கேட்கத் தொடங்கியுள்ளனர். சிலர் சட்டத் திருத்தம் வேண்டி அரசிடமும் நாடாளுமன்றத்திடமும் முறையிட்டனர். சிலர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். இச்செய்திகளை நாளிதழில் படிக்கும் பெரியோர் சிலர், "அரசும் அறநிலையங்களும் தருவதைப் பெற்றுக்கொண்டு பொறுத்துப் போகலாகாதா? இதற்கும் வழக்கா?" என்று வினவக் கேட்டிருக்கிறோம். அவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். இல்லை என்று வருவோர்க்குத் தம்மால் இயன்றதைக் கொடுப்பவர்களே. ஆதலின் அவ்வினாவை ஒதுக்கிவிடாமல், அதற்குரிய மதிப்புடன் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.

எது துணைக்கருவி?

நாற்பது வயதைக் கடந்த வாசகர்களுள் பெரும்பாலோர் இவ்வரிகளை மூக்குக்கண்ணாடியின் துணைகொண்டே படித்துக்கொண்டிருப்பர். அவர்களை யாரும் ஊனமுற்றோர் என்று அழைப்பதில்லை. அவர்களும் தங்களை அவ்வாறு கருதுவதில்லை. பார்வையில் குறை இல்லாமையால் அன்று. அக்குறையை ஈடுசெய்யும் கருவி கடைத்தெருவில் எளிதாகக் கிடைப்பதனாலேயே. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டால், நிறையக் கற்ற பெரியவரும் ஒரு பக்கத்தைப் படிக்கப் பேரப்பிள்ளையின் உதவியை நாட வேண்டியவரே.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்திய காலத்தில், பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர்களிடம் நாம் தவறாமல் வற்புறுத்தியது ஒன்று உண்டு. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதாத பிள்ளையை மந்தபுத்தி என்று முடிவு கட்டுமுன், அப்பிள்ளையை முன் வரிசையில் அமர்த்திப் பாருங்கள். பிறகு கண் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள் என்பதே அது. கண்ணாடி அணிந்த சில வாரங்களிலேயே பாடத்தில் முன்னேறிய பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். பிள்ளையின் அறிவு மாறவில்லை. பிள்ளைக்கும் பாடத்திற்கும் இடையே நின்ற தடைதான் அகன்றது.

உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில், எல்லா நாடுகளும் தம் மக்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டிய 50 துணைக்கருவிகளின் பட்டியலை வெளியிட்டது. சக்கர நாற்காலி, செவித்துணைக் கருவி, செயற்கைக் கால், பிரெயில் எழுதும் கருவி ஆகியவற்றோடு மூக்குக்கண்ணாடியும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அந்நிறுவனமும் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியமும் இணைந்து 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, இத்தகைய கருவிகளுள் ஒன்றேனும் தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோர். தேவைப்படுவோருள் கருவி கிடைக்கப் பெறுவோர் செல்வ நாடுகளில் நூற்றுக்கு 90 பேர் வரை உள்ளனர்; ஏழை நாடுகள் சிலவற்றில் நூற்றுக்கு 3 பேரே. இவ்வேறுபாட்டை வினைப்பயன் என்றோ இயற்கையின் செயல் என்றோ கூறி அமைதல் பொருந்தாது. கருவி இருக்கிறது, அது சென்று சேரவில்லை. இடையில் நிற்பவை விலை, விதி, அலட்சியம் ஆகியனவே. இவை மூன்றும் மனிதர் செயல்கள், மனிதரால் மாற்றத்தக்கவை.

பூட்டிக் கிடந்த நூல்கள்

ஆசிரியர் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவர்க்கு நெஞ்சில் தைக்கும் எடுத்துக்காட்டு, நூல்களைப் பற்றியது. பிரான்சு நாட்டில் 1809இல் பிறந்து, இளம் வயதிலேயே பார்வையை இழந்த லூயி பிரெயில், தம் பதினைந்தாம் வயதில், விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்து முறையை வகுத்தார். நம் காலத்தில் கணினி வந்தது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக் காட்டும் மென்பொருள்களும் வந்தன. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் அத்தகைய மென்பொருள் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். என்.வி.டி.ஏ. எனப்படும் அதனை எவரும் விலையின்றிப் பெறலாம்.

இவ்வாறு கருவி கைக்கு எட்டிய பின்னரும் நூல்கள் எட்டவில்லை. அச்சிட்ட நூலைப் பிரெயிலாகவோ, ஒலியாகவோ, கணினி எழுத்தாகவோ மாற்றுதல் 'படி எடுத்தல்' ஆகும். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கென விதிவிலக்கு ஏதும் இல்லை. ஒவ்வொரு நூலுக்கும் உரிமையாளரைத் தேடி இசைவு பெற வேண்டும். ஒரு கல்லூரி மாணவர்க்காகப் பாடநூலை மாற்றி அமைத்த தொண்டு நிறுவனம், அதே நூலை வேறோர் ஊரில் உள்ள மாணவர்க்குக் கொடுப்பதற்கும் சட்டத்தை நினைந்து அஞ்ச வேண்டியிருந்தது. உலகில் வெளியாகும் நூல்களுள் பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில் கிடைப்பவை நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை என்று அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. இதனைப் 'புத்தகப் பஞ்சம்' என்றே உலகப் பார்வையற்றோர் ஒன்றியம் குறிப்பிட்டது. கண்ணெதிரே களஞ்சியம் நிறைந்திருக்கப் பசியோடு அமர்ந்திருப்பது போன்ற நிலை அது.

2010ஆம் ஆண்டில் அரசு ஒரு திருத்த மசோதாவைக் கொணர்ந்தது. அதில் விதிவிலக்கு இருந்தது. ஆயின் பிரெயில் போல மாற்றுத்திறனாளிகளுக்கெனவே அமைந்த தனி வடிவங்களுக்கு மட்டும் இருந்தது. மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இதுவே போதும் என்று தோன்றும். ஆயின் நடுவயதில் பார்வை இழந்தவர் பிரெயில் கற்பது எளிதன்று. கை நடுக்கத்தால் நூலைப் பிடிக்க இயலாதவர்க்கும், எழுத்துகள் மனத்தில் கூடி நில்லாத கற்றல் குறைபாடு உள்ள சிறுவர்க்கும் பிரெயிலால் பயனில்லை. அவர்கட்கு வேண்டியது சாதாரணக் கணினி எழுத்து வடிவமே. 'தனி வடிவம்' என்னும் ஒரு சொல், அவர்கள் அனைவரையும் சட்டத்திற்கு வெளியே நிறுத்தியிருக்கும்.

இச்சொல்லை மாற்றுவதற்காகவே மாற்றுத்திறனாளிகளும் அவர்தம் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் முயன்றனர். சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் ராகுல் செரியன் அவர்களுள் முன்னின்றவர். முயற்சி வீண் போகவில்லை. 2012இல் நிறைவேறிய சட்டத்தில், அணுகத்தக்க 'எவ்வகை வடிவிலும்' நூலை மாற்றலாம் என்று எழுதப்பட்டது. ஒரு சொல் மாறியது; பல்லாயிரவர்க்குப் பள்ளிக் கதவு திறந்தது.

நாட்டு எல்லையைக் கடந்தும் நூல்களைப் பகிர்ந்துகொள்ளும் உடன்படிக்கை ஒன்று 2013 ஜூன் 27 அன்று மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்காகவும் உழைத்த ராகுல் செரியன், அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மறைந்தார். தாம் உழைத்த பயிரின் விளைச்சலைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. 2014 ஜூனில், உலக நாடுகளுள் முதல் நாடாக இந்தியா அவ்வுடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது. இருபது நாடுகள் ஒப்பிய பின், 2016 செப்டம்பர் 30 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பிறர்க்குத் தீங்கு விளைந்ததா?

ஒரு செயல் அறமா அன்றா என்று அறிய, அதனால் யார்க்குத் தீங்கு நேர்ந்தது என்று வினவுதல் வேண்டும். மேற்கூறிய சட்டத்தை ஊன்றிப் படித்தால், நூலாசிரியர்க்கும் பதிப்பாளர்க்கும் உரிய காவலும் அதில் இருப்பது புலனாகும். தொண்டு நிறுவனம் ஆதாயம் கருதாமல், ஆக்கச் செலவை மட்டுமே பெறலாம். அப்படிகள் மாற்றுத்திறனாளிகளின் கையில் மட்டுமே சேர்வதையும், சந்தைக்குச் செல்லாமையையும் உறுதி செய்ய வேண்டும். ஆதாயம் நாடிச் செய்வோர்க்கு இவ்விலக்கு இல்லை. அவர்கள் உரிமம் கேட்டு விண்ணப்பித்தே செய்தல் வேண்டும். கேட்டவர்கள் பிறர் உடைமையைக் கவரக் கேட்கவில்லை. விலை கொடுத்து வாங்கிய நூலையும் படிக்க இயலாத நிலை நீங்க வேண்டும் என்றே கேட்டனர்.

ஓலைச்சுவடி நலிவுறும் முன் அதனைப் புதிய ஏட்டில் படியெடுத்து, படிப்போர் கையில் சேர்ப்பித்தலைச் சாத்திரதானம் என்று போற்றியவர்கள் நம் முன்னோர். ஒருவர் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றிக் கொடுப்பதும் அதன் வழிவந்த செயலே அன்றோ? ஏட்டைக் கொடுத்தாலும் பெறுபவரால் படிக்க இயலாதெனின், அத்தானம் நிறைவுற்றதாகாது.

தானம் இருக்கச் சட்டம் எதற்கு?

இங்கே மற்றொரு வினா எழும். தானம் செய்வோர் நாட்டில் நிரம்ப இருக்கையில் சட்டம் எதற்கு?

தானத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. அது கொடுப்பவரின் நெஞ்சை வளர்க்கிறது. ஆயின் பெறுபவரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேடையில் வழங்கப்படும் சக்கர நாற்காலி அவர் உடலளவுக்குப் பொருந்தாவிடினும் நன்றி கூறியே பெற்றுக்கொள்ள வேண்டும். பொருந்தாத நாற்காலியில் நாள் முழுதும் அமர்ந்திருப்போர்க்கு உடலில் அழுத்தப் புண் உண்டாகும். அப்போதும் 'இது எனக்குப் பொருந்தவில்லை' என்று சொன்னால் நன்றி கெட்டவர் என்ற பழி வரும். செவித்துணைக் கருவியின் மின்கலம் தீர்ந்தால், மீண்டும் யாரிடம் கேட்பது என்று தயங்க வேண்டும். கொடுப்பவர் மனம் மாறினால் அனைத்தும் நின்றுபோம். உரிமையாகப் பெறுபவரோ தமக்கு வேண்டியதைச் சொல்லலாம், பழுதானால் கேட்கலாம், தலை நிமிர்ந்து வாங்கலாம். தானம் ஒரு நாள் நிகழ்வு. சட்டம் எந்நாளும் நிற்பது. இரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல. தானத்தின் அன்பு எல்லாரையும் சென்றடையச் சட்டம் வழி அமைக்கிறது என்பதே பொருந்தும்.

செலவு மிகும் என்பாரும் உளர். கட்டடம் எழுப்பும்போதே சாய்தளம் அமைக்கும் செலவு சிறிது. எழுப்பிய பின் இடித்து அமைக்கும் செலவே பெரிது. இன்று நூல்கள் கணினியில் அச்சுக்கோக்கப்படுகின்றன. குரலாகப் படிக்கத்தக்க கோப்பு பதிப்பாளரிடம் முன்னரே இருக்கிறது. முதலில் நினையாமையே பின்னர்ச் செலவாகிறது.

பொறுத்தவர் யார்?

இனி, முதல் வினாவிற்கு வருவோம். வழக்கிட்டோர் பொறுமையற்றவரா?

ராஜீவ் ரதூரி என்னும் பார்வைக் குறையுடைய ஒருவர், சாலைகளும் பேருந்துகளும் பொதுக் கட்டடங்களும் அனைவரும் அணுகத்தக்கனவாக அமைய வேண்டும் என்று 2005இல் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். சக்கர நாற்காலி கையில் இருந்தும் வாசலில் படிகள் மட்டுமே இருந்தால், அந்நாற்காலி வீட்டிற்குள் சுழலும் பொருளாகவே நின்றுவிடும். அம்மனுவின் மீது 2017 டிசம்பரில் ஆணைகள் பிறந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டாயமாக்கிய ஒன்றை, அதன்கீழ் எழுந்த விதி வெறும் பரிந்துரையாக்கிவிட்டது எனக் கண்டு, அவ்விதி செல்லாது என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 நவம்பர் 8 அன்று. மூன்று மாதங்களில் கட்டாய விதிகளை வகுக்குமாறும் பணித்தது. மனுவிற்கும் அத்தீர்ப்பிற்கும் இடையே 19 ஆண்டுகள். அன்று பிறந்த குழந்தை, பள்ளிக் கல்வி முடித்துக் கல்லூரியில் பயிலும் காலம் அது. இதற்கு மேற்பட்ட பொறுமையை எவரிடம் எதிர்பார்ப்பது?

மற்றொரு வழக்கு இன்னும் அண்மையது. வங்கிக் கணக்குத் தொடங்கவும் கைப்பேசி இணைப்புப் பெறவும் அடையாளத்தைக் கணினி வழியே உறுதி செய்யும் முறை வந்துள்ளது. எதிரே இருப்பவர் உயிருள்ள மனிதரே என்று அறிய, ஒளிப்படக் கருவியின் முன் கண் இமைத்துக் காட்டச் சொல்வதும் அதில் ஒரு படி. அமிலம் வீசப்பட்டு முகமும் இமைகளும் சிதைந்த பெண்ணொருவர் எவ்வாறு இமைப்பார்? பார்வையற்றவர் திரையின் எந்த இடத்தில் தம் முகத்தை நிறுத்துவார்? கொடுமைக்கு ஆளானவர்களை, 'நீ உயிருடன் இருப்பதை மெய்ப்பி' என்று ஓர் இயந்திரம் கேட்டுத் திருப்பி அனுப்பியது. இவ்வாறு பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்குகளில், நீதியரசர்கள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வழங்கினர். கணினி வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு கூறும் வாழ்வுரிமையின் ஒரு கூறே என்றனர். இமைத்தலுக்கு மாற்று வழிகள் உள்ளிட்ட 20 வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தனர்.

இம்முறையை வகுத்தவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். இமைக்க இயலாதவர் ஒருவர் இருக்கக்கூடும் என்று அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவே. ஆயினும் நினையாமையால் விளையும் துன்பமும் துன்பமே. அறியாது மிதித்தாலும் எறும்பு இறத்தல் உறுதி. அதனால்தான் பார்த்து நடத்தல் நமக்குக் கடமையாயிற்று.

இங்கே பொறுமையின் இலக்கணத்தைத் தெளிவாக வரையறுத்தல் வேண்டும். தனக்கு நேர்ந்த துன்பத்தைத் தானே பொறுத்தல் பொறுமை. பிறர்க்கு நேர்ந்த துன்பத்தைப் பிறரே பொறுக்கட்டும் என்று நாம் சொல்லுதல் பொறுமையன்று. அது நம் வசதி. படி ஏற வல்லவர், படி ஏற இயலாதவரைப் பார்த்து 'பொறுத்துக்கொள்' என்று கூறுவதில் அறம் எங்கே உள்ளது? ஒருவர் தாமே மேற்கொண்டால்தான் நோன்பு. பிறர்மேல் நாம் சுமத்தும் பட்டினிக்கு நோன்பு என்ற பெயர் பொருந்துமா?

மேலும், வழக்கு என்பது எப்போதும் சினத்தின் வடிவமாகாது. கல்லெறியாமல், பழிச்சொல் கூறாமல், தம் குறையை ஒரு நடுவர் முன் வைத்து, எதிர்த்தரப்பார் கூறுவதையும் கேட்டு, ஆண்டுக்கணக்கில் தீர்ப்பிற்காகக் காத்திருத்தலைக் காட்டிலும் அமைதியான வழி யாது? பிறர் உள்ளத்தையும் வருத்தாமல், தம் நியாயத்தையும் விடாமல் நிற்கும் நெறி அது. தமக்காக மட்டுமன்றித் தம்மைப் போன்ற முகம் அறியாத பல்லாயிரவர்க்காகவும் நிற்கும்போது, அது தொண்டாகவே உயர்கிறது. ஆதலின் இத்தகைய வழக்காடுதல் பொறுமைக்கு மாறானதன்று என்பதே நம் துணிபு.

வழக்கு வரும்வரை காத்திருப்பதோ?

ஆயினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. உடற்குறையோடு வாழ்பவரே வழக்குச் சுமையையும் தாங்க வேண்டியுள்ளது. ஒவ்வொரு படிக்கட்டுக்கும் ஒரு மனு, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு முறையீடு என்றால், வலிமை குன்றியவர்மேல் விதித்த வரியாகவே அது முடியும். 1995ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொன்றைக் குறிப்பிடுகிறது. உரிமை மறுக்கப்பட்டவர் முறையிட மாநில ஆணையர் பதவியும் உண்டு. குடும்பங்கள் இவற்றை அறிந்திருத்தல் நன்று. அதனினும் நன்று, அவர் முறையிட நேராதபடி நாம் முந்திக்கொள்வது.

அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நம் ஊர்ச் சங்கக் கட்டடத்தின் வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று பார்ப்போம். கூட்டத்தில் பேசுவோர் ஒலிபெருக்கியை விலக்கிவிட்டு, 'என் குரல் எல்லார்க்கும் கேட்கும்' என்று கூறுவதைத் தவிர்ப்போம். செவிப்புலன் குன்றிய முதியோர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். வெளியிடும் மலர்களையும் நூல்களையும் பக்கங்களின் படமாக மட்டும் கணினியில் ஏற்றினால், குரல் மென்பொருளுக்கு அவை வெற்றுத் தாள்களே. பழைய எழுத்துருக்களில் உள்ளவற்றையும் அது தப்பும் தவறுமாகவே படிக்கும். ஒருங்குறி எழுத்தில் அமைந்த கோப்பினையும் உடன் வைத்தால், பார்வையற்ற அன்பர் ஒருவர் யார் உதவியுமின்றித் தாமே படிப்பார். நம் வீட்டுப் பிள்ளைகளுள் கணினி அறிந்தோர்க்கு இது சில மணி நேர வேலை.

கேட்ட பின் கொடுப்பது நல்லது. கேட்கும் முன் அறிந்து கொடுப்பது அதனினும் நல்லது. கேட்க வேண்டிய நிலையே ஒருவர்க்கு வாராமல் காப்பது எல்லாவற்றினும் தலையாயது. பொறுமையை அவர்கள் போதுமான அளவு கடைப்பிடித்துவிட்டனர். இனி விரைதல் நம் முறை.

அறம் வளர்க!